ஈரலில் எலி

பிப்ரவரி 9

டாக்டரம்மாவுக்கு,

நலமான்னு கேக்கப் போறதில்லை. நல்லாத்தான் இருப்பே. என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா தூங்கியிருப்பே.

நேத்து நம்ம கைடு என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் தீசிஸோட நாலாவது அத்தியாயம் மேஜை மேல இருந்தது. அதுக்கு மேல ஒரு தாள். வாசல்ல நின்னப்பவே உன் கையெழுத்துன்னு தெரிஞ்சுது. எறும்பு ஊர்ற மாதிரி அந்த எழுத்தை வேற யார் எழுதுவா? "ஈரல் சாம்பிளில் எலி கலந்திருக்கிறது. இந்த அத்தியாயத்தை நிறுத்தி வைப்பது நல்லது." அவ்வளவுதான். கீழே டாக்டர் போட்டு உன் பேர்.

அத்தியாயத்தைச் சரிபார்க்கச் சொல்லி உனக்கு அனுப்பினதை அவர் எங்கிட்டச் சொல்லல. சரி, அவர் அப்படித்தான். நீ ஏண்டி சொல்லல? கூடப் பொறந்தவதானே? "அக்கா, இந்த இடம் எனக்கு இடிக்குது, என்ன பண்ணினே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் டாக்டர் பட்டம் கரைஞ்சா போயிடும்?

உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு, அதுதான் கொடுமை. எனக்கு இதுதான் கடைசி நீட்டிப்பு. ஜூன் மாசக் குழுவுல தீசிஸை ஏத்துக்கலைன்னா என் பதிவே ரத்து. ரெண்டு பிள்ளை பெத்து, நடுவுல விட்டு, அம்மாவோட ஆபரேஷனுக்கு விட்டு, திரும்ப வந்து சின்னப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காந்து முடிச்ச வேலை இது. மத்த அத்தியாயமெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. புதுசுன்னு நான் கண்டுபிடிச்சது அந்த நாலாவது ஒண்ணுதான். அதைப் போய் எலின்னுட்டே.

உன் அத்தான் கேட்டார், "அப்படி என்னதான் அது, அக்கா தங்கச்சி அடிச்சுக்கற அளவுக்கு?"ன்னு. சொன்னேன்: உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியா இருக்கு. அதுக்குள்ள பாஸ்பேட்டைத் தூக்கிட்டுப் போக ஒரு கேரியர் புரதம் இருக்கு. ஒரே மாட்டோட இதயத்துல இருந்தும் ஈரல்ல இருந்தும் அதைத் தனித்தனியா பிரிச்சு, அதோட அமினோ அமில வரிசையை எழுத்து எழுத்தா படிச்சேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. என் கையில இருக்கிறது ஒண்ணா இல்லை, ஒரு இடத்துல வேற மாதிரி இருக்குன்னேன். "சரி, சின்னவ என்ன சொல்றா?"ன்னார். பாத்தியா? இந்த வீட்டுல எல்லாருக்கும் அதே கேள்விதான். அம்மா, நான் டிபன் கேரியரை வச்சு ஏதோ ஆராய்ச்சி பண்றேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டிருக்காங்க. அவங்க கூட, "சின்னவ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னுட்டாங்க.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போன்ல நான் கத்துவேன், நீ "சரி விடுக்கா"ன்னு வச்சிடுவே. எழுது. எழுதினா அப்புறம் அப்படிச் சொல்லவே இல்லைன்னு மழுப்ப முடியாது.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

தண்ணி குடிச்சிட்டு, உக்காந்து, பொறுமையா படி. பாதியில கிழிச்சுப் போட்டுடாதே.

உன்கிட்டச் சொல்லாம கைடுக்கு எழுதினது தப்புதான். ஆனா அவர் கேட்டது என் கருத்தை. உன்கிட்டப் பேசிட்டு எழுதினா, அக்காவுக்காக எழுதினான்னு ஆகியிருக்கும். நாளைக்கு யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான் தள்ளி நின்னேன். நீ நம்ப மாட்டே, தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். உன் அத்தியாயத்துல இருக்கிற ரெண்டு வரிசையையும் கம்ப்யூட்டர்ல போட்டேன். இதயமும் ஈரலும் தொண்ணூத்தஞ்சு விழுக்காடு பக்கம் ஒத்துப் போகுது. மாட்டையும் எலியையும் ஒப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே விழுக்காடுதான் வரும். ஒரே மாட்டோட ரெண்டு உறுப்புக்கு நடுவுல, மாட்டுக்கும் எலிக்கும் இருக்கிற அளவு வித்தியாசம்னா, யாரா இருந்தாலும் என்ன நினைப்பா? அதுக்கு மேல, உன் ஈரல் வரிசையை ஏற்கனவே வெளியான வரிசைகளோட தேடினா, எலி ஈரல்தான் முதல் இடத்துல வந்து நிக்குது. நான் என்ன பண்ணட்டும்? கண்ணை மூடிக்கவா?

இன்னொண்ணு. சொன்னா கோபம் வரும், சொல்லாம இருக்கவும் முடியல. ஃப்ரீசர்ல ரெண்டு பெட்டிக்கு ஒரே லேபிள் ஒட்டி ஒரு மாச வேலையைத் தொலைச்சது யாரு? வீட்டுல சர்க்கரை டப்பாவுல உப்பைக் கொட்டி வச்சு, வந்தவங்களுக்கு அதுலயே காபி போட்டுக் குடுத்தது யாரு? நீ வேணும்னு பண்றவ இல்லை. பத்து வேலையை ஒண்ணா இழுத்துப் போட்டுக்கிறவ. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் சாம்பிள் கலக்கும்.

எனக்குத் தோணறதைச் சொல்றேன். நாலாவது அத்தியாயத்தை எடுத்துடு. மத்ததை வச்சே பட்டம் வாங்கிடலாம். கைடும் சம்மதிப்பார், அவர்கிட்ட நானே பேசறேன். முதல்ல பட்டம் கையில வரட்டும்.

பிள்ளைங்களுக்கு என் முத்தம். அம்மாவுக்கு இருமல் நின்னுதா?

உன் தங்கச்சி


பிப்ரவரி 24

அடியே,

கிழிக்கல. ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை இன்னும் அதிகமா எரிஞ்சுது.

உப்பு விஷயத்தை இழுத்தியா? ரொம்ப சரி. அந்தக் காபியைக் குடிச்சவங்க உயிரோடதான் இருக்காங்க. ஃப்ரீசர் லேபிள் என் தப்புதான், அதை நான் மறைச்சதே இல்லை. அன்னைக்கே கைடுகிட்டப் போய் நானே சொன்னேன். ஒரு தடவை தப்பு பண்ணினவ வாழ்நாள் முழுக்க எலியைக் கலந்துட்டே இருப்பாளா?

நான் எப்படி ஈரல் எடுத்தேன்னு உனக்குத் தெரியாது. நீ கேக்கவே இல்லை, அதனால சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கசாப்புக் கூடத்துக்குப் போவேன். வெட்டின சூட்டோட அதே மாட்டோட இதயமும் ஈரலும் வேணும். அங்க இருக்கிற கத்திக்காரருக்கு என்னைப் பாத்தாலே சிரிப்பு. "ஏம்மா, போன தடவை வாங்கிட்டுப் போனது நல்லா வெந்துச்சா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பார். ஆராய்ச்சின்னு சொல்லிப் பாத்தேன். எந்த ஓட்டல்னு கேட்டார். அப்புறம் விட்டுட்டேன், நல்லா வெந்துச்சுன்னு சொல்லிடறது.

அங்கிருந்து நேரா குளிர் அறை. விரல் மரத்துப் போற குளிர்ல, சர்க்கரைக் கரைசல்ல போட்டு அரைச்சு, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மைட்டோகாண்ட்ரியாவைத் தனியா எடுத்து, அதுல இருந்து இந்தப் புரதத்தைப் பிரிக்கணும். இதயத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், ஈரலுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். ரெண்டும் நான் புதுசா வாங்கினது. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். மூணு வெவ்வேற மாட்டுல பண்ணினேன். மூணுலயும் அதே இடம், அதே எழுத்துக்கள். கலப்படம்னா ஒவ்வொரு தடவையும் அவ்வளவு ஒழுங்கா வந்து கலக்குமா? வேலைக்கு வர்ற எலியா அது?

அப்புறம் ஒண்ணு கேக்கறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அந்தக் குளிர் அறையில எலி ஈரலை அரைச்சது யாரு? நானா? உன் பட்டத்துக்காக வருஷக்கணக்கா எலியை அறுத்தவ நீதான்! எலி எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருந்தா அது உன் எலி.

இப்ப முக்கியமானது. விழுக்காடு, விழுக்காடுன்னு அடிச்சுக்கிறியே, அந்த வித்தியாசமெல்லாம் எந்த எடத்துல இருக்குன்னு பாத்தியா? எத்தனைன்னு இல்லை, எங்கேன்னு. திரையில வர்ற நம்பரை விடு. காகிதத்துல அடிச்சு எடு. மாட்டு இதயம், மாட்டு ஈரல், எலி ஈரல், மூணையும் ஒண்ணு கீழ ஒண்ணா வச்சு, கையில பென்சில் எடுத்துப் பாரு. நான் பாத்துட்டுத்தான் எழுதினேன். அத்தியாயத்துல படமாவே போட்டிருக்கேன். நீ அந்தப் பக்கத்தைப் புரட்டினதா தெரியல.

அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். நான் கண்டுபிடிச்ச ஒண்ணே ஒண்ணை நானே தூக்கிப் போட்டுட்டு அந்தப் பட்டத்தை வச்சு என்ன பண்றது, சுவத்துல மாட்டி தினமும் பாத்து வயிறெரியறதா?

அம்மாவுக்கு இருமல் இல்லை. வாய் மட்டும் இருக்கு.

அக்கா


மார்ச் 11

அக்கா,

பதில் எழுத லேட்டாயிடுச்சு. வேணும்னு இல்லை.

நீ சொன்ன மாதிரி காகிதத்துல எடுத்தேன். மேஜையில எடம் பத்தல, ஹால் தரையில நீளமா ஒட்டி, முட்டி போட்டுக்கிட்டுப் பாத்தேன். வேலைக்கு வர்ற அம்மா கூட்ட விடாம அன்னைக்கு முழுக்க அங்கேயேதான் கிடந்தேன். அவங்க என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க் கூட்டினாங்க, முணுமுணுத்துக்கிட்டே.

மாட்டையும் எலியையும் வச்சா வித்தியாசம் ஆரம்பத்துல ஒண்ணு, நடுவுல ரெண்டு, கடைசியிலன்னு வரிசை முழுக்கச் சிதறிக் கிடக்குது. உன் இதயத்தையும் ஈரலையும் வச்சா அப்படி இல்லை. முதல் எழுத்துல இருந்து ஒரு இடம் வரைக்கும் அச்சு அசலா ஒண்ணு. அப்புறம் ஒரு சின்னத் துண்டு, அதுக்குள்ள எல்லா வித்தியாசமும் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. அதைத் தாண்டினா மறுபடி கடைசி வரைக்கும் ஒண்ணு. ஒரு சட்டையில ஒரு கையை மட்டும் பிரிச்சு வேற துணியில தச்ச மாதிரி.

அந்தத் துண்டு மட்டும் எலி ஈரலோட ஒத்துப் போகுது. அதனாலதான் தேடினப்ப எலி முதல்ல வந்தது. ஆனா எலி கலந்திருந்தா மத்த எடத்துலயும் எலியோட எழுத்து தலைகாட்டணும். ஒரு எடத்துல கூட இல்லை. மத்ததெல்லாம் சுத்தமான மாடு. எலி ஈரல்லயும் மாட்டு ஈரல்லயும் ஒரே மாதிரி துண்டு இருக்குன்னா, அது ஈரலோட சமாச்சாரம். எலியோடது இல்லை.

நான் விழுக்காட்டைப் பாத்தேன். ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கேன்னு அங்கேயே நிறுத்திட்டேன். என் மாணவிங்க யாராவது இப்படிப் பண்ணியிருந்தா அவளை என்ன பாடு படுத்தியிருப்பேன்னு நினைச்சா எனக்கே கூசுது.

ஆனா அக்கா, புரதத்தை மட்டும் காட்டினா குழு ஒத்துக்காது. இதயத்துல இருக்கிற துண்டும் ஈரல்ல இருக்கிற துண்டும் மாட்டோட ஒரே ஜீன்லயே பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு காட்டணும். இதயம் ஒண்ணை எடுத்துக்குது, ஈரல் இன்னொண்ணை எடுத்துக்குதுன்னு காட்டிட்டா அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது. அதுவரைக்கும் கைடுக்கு நான் எதுவும் எழுதாம இருக்கிறது நல்லதுன்னு படுது. எழுதினதை மாத்தி எழுதினா அவருக்குப் பிடிக்காது. இங்க என் வேலை நிரந்தரமாகறதுக்கு அவரோட பரிந்துரைதான் போகணும், உனக்கே தெரியும். கொஞ்சம் பொறு.

யோசிச்சுப் பாத்தா நாமும் அப்படித்தான் இல்லையா? ஒரே வீடு, ஒரே ஜீன், நீ ஒரு துண்டை எடுத்துக்கிட்டே, நான் ஒரு துண்டை எடுத்துக்கிட்டேன்.

உன் தங்கச்சி


மார்ச் 19

தங்கச்சி,

கவிதை எழுதாதே. எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்லை.

பாத்துட்டே, புரிஞ்சுக்கிட்டே, சந்தோஷம். ஆனா அது உன் ஹால் தரையில கிடக்குது. கைடு மேஜையில இன்னும் அந்த ஒரு வரிதான் கிடக்குது. நீ எழுதின வரியை நீதான் எடுக்கணும். நான் போய் "தங்கச்சி மனசு மாறிட்டா"ன்னு சொன்னா அவர் சிரிப்பார். அவர் முன்னாடி அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு, அதுக்காகவே அந்தப் பக்கமே போறதில்லை.

உன் வேலை நிரந்தரமாகணும், நானும் அதைத்தான் வேண்டிக்கிறேன். அதுக்காக என்னுது போகணுமா? தப்பா ஒரு வரி எழுத உனக்கு அரை நாள் ஆகல. அதைத் திருத்த மட்டும் பொறுத்திருக்கணுமாம்.

நேத்து அவர் என்னைக் கூப்பிட்டு ரொம்ப அன்பா பேசினார். அந்த அன்புதான் தாங்கல. "நாலாவதை எடுத்துடும்மா, சுலபமா முடிச்சிடலாம், உனக்கும் வயசாகுது"ன்னார். நீ சொல்லிக் குடுத்ததா, அவரா சொன்னதா தெரியல. எடுக்க மாட்டேன்னு சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பாத்துட்டு, "உன் இஷ்டம்"னார். அந்த "உன் இஷ்டம்"க்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா?

ஜீனை எடுக்க ஆரம்பிச்சுட்டேன். இங்க நிலைமை என்னன்னு கேளு. என்சைம் தீந்து போச்சு, புதுசு வர மூணு வாரம்ங்கறாங்க. மெஷினுக்கு முன்னாடி சின்னப் பசங்க வரிசை கட்டி நிக்கறாங்க, நான் போனா "ஆன்ட்டி, நீங்க அப்புறமா பண்ணிக்கங்களேன்"ங்கறாங்க. ஆன்ட்டியாம்! போன வாரம் கரண்ட் போய், டி.என்.ஏ.வைக் கோடு கோடா பிரிச்சுக் காட்டற ஜெல் பாதியில நின்னு போச்சு. நான் அங்கேயே தரையில உக்காந்துட்டேன்.

கைடுக்கு எழுது. அலங்காரமெல்லாம் வேண்டாம். "நான் சரியா பாக்கல, இப்ப பாத்தேன், எலி இல்லை." இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.

அக்கா


மே 26

அன்புள்ள அக்கா,

எழுதிட்டேன். நேத்து அனுப்பிட்டேன். நீ சொன்னதைவிட அழுத்தமாவே எழுதியிருக்கேன். இனி உன் தீசிஸுக்குத் தடை இருக்காது.

இத்தனை நாள் ஏன் எழுதலன்னு கேப்பே. தினமும் எழுதணும்னு உக்காருவேன், நாலு வரி எழுதுவேன், அவர் முகம் ஞாபகம் வரும், மடிச்சு வச்சிடுவேன். எனக்கு உன் மாதிரி நெஞ்சழுத்தம் கிடையாது. போன வாரம் அவரே போன் பண்ணினார். "உன் அக்கா பிடிவாதமா இருக்கா, ஜீனைக் காட்டினாத்தான் குழு கேக்கும், அவளால ஜூனுக்குள்ள முடியாது"ன்னார். அவர் சொன்ன விதம் எனக்குத் தாங்கல. போனை வச்ச உடனே உக்காந்து எழுதினேன்.

நீ எனக்கு எதுவும் எழுதாம இருக்கிறதுல இருந்தே தெரியுது நீ எவ்வளவு கோபமா இருக்கேன்னு. அம்மாகிட்ட போன்ல கேட்டேன், "அவ வீட்டுக்கு வந்தாத்தானே, எப்பப் பாரு அந்தக் கேரியரோடயே கிடக்கறா"ன்னாங்க. உன்னை நினைச்சா எனக்கு அழுகையா வருது. அக்கா, கூட்டத்துல எதையும் எதிர்த்துப் பேசாதே. அவங்க சொல்றதுக்குத் தலையாட்டிட்டு வா.

உன் தங்கச்சி


ஜூன் 15

தங்கச்சி,

கூட்டம் முடிஞ்சுது. எப்படி முடிஞ்சுதுன்னு கடைசியில சொல்றேன். நடந்ததை மொதல்ல இருந்து கேளு, நடுவுல எட்டிப் பாக்காதே.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜீன் வந்துடுச்சு. ரெண்டு துண்டும் இருக்கு! இதயத்துல எடுத்த டி.என்.ஏ.லயும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஈரல்ல எடுத்ததுலயும் இருக்கு. ஆனா புரதம் செய்யறதுக்காகப் படியெடுக்கிற ஆர்.என்.ஏ.வைப் பாத்தா இதயத்துல முதல் துண்டு, ஈரல்ல ரெண்டாவது துண்டு. ஜெல் படத்தை விளக்குல வச்சுப் பாத்துட்டு, அந்த "ஆன்ட்டி" பையனைக் கட்டிப் பிடிச்சுட்டேன். பாவம், பயந்துட்டான். படத்தைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். யார்கிட்டயும் காட்டல. காட்ட யாரும் இல்லை.

மறுநாள் கூட்டம். நீள மேஜை, ஆறு பேர், எல்லார் முன்னாடியும் தண்ணி பாட்டில். வெளியில இருந்து ஒரு பேராசிரியர் அம்மா வந்திருந்தாங்க, மூக்குக் கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டுக்கிட்டு. நான் எழுந்து பேச ஆரம்பிக்கல, அதுக்குள்ள கைடு, "நாலாவது அத்தியாயத்துல ஒரு சந்தேகம் இருந்தது, அது தீந்துடுச்சு"ன்னு உன் கடிதத்தை எடுத்து வாசிச்சார். "ஈரலில் இருப்பது எலி அல்ல என்பதை வரிசைகளை ஒப்பிட்டு அறிந்தேன். ஜீனையும் நானே நேரில் பார்த்து உறுதி செய்தேன்."

ஜீனைப் பாத்தியா? எப்படி? அது அப்ப பொறக்கவே இல்லையேடி! நீ கடிதம் எழுதினப்ப எனக்கு என்சைமே சரியா வேலை செய்யல. உலகத்துல அதைப் பாத்தவ நான் ஒருத்திதான், அதுவும் முந்தின நாள் சாயங்காலம்.

ஆறு பேரும் தலையாட்டினாங்க. "நல்லது, அவங்களே பாத்துட்டாங்கன்னா சரி"ன்னு ஒருத்தர் பேனாவை எடுத்தார். என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. படம் எங்கேன்னு கேக்கல. கையெழுத்து போடத் தயாராயிட்டாங்க. எனக்கு வேண்டியது கண்ணு முன்னாடி நிக்குது, நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா போதும்.

உன்னை நினைச்சேன், சத்தியமா. உன் வேலையை நினைச்சேன். தலையாட்டிட்டு வான்னு நீ எழுதினதையும் நினைச்சேன். ஆனா முடியலடி. எழுந்து நின்னு சொன்னேன்: "என் தங்கச்சி ஜீனைப் பாக்கல. பாத்திருக்க முடியாது. நேத்துதான் வந்தது, இங்க இருக்கு. நீங்க பாருங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா போடாதீங்க."

கைடு முகம் செத்துப் போச்சு. "உக்காரும்மா"ன்னார். நான் உக்காரல. அந்தப் பேராசிரியர் அம்மாதான் கண்ணாடியைக் கீழ இறக்கி, "குடு"ன்னு கையை நீட்டினாங்க. அதுக்கப்புறம் விடவே இல்லை. இந்தக் கோடு ஏன் இங்க நிக்குது, எந்த மாடு, எத்தனை தடவை பண்ணினே, சிறுநீரகத்துல எந்தத் துண்டு? சிறுநீரகம் செய்யல, தெரியாதுன்னேன். "தெரியாதுன்னா தெரியாதுன்னு அத்தியாயத்துல எழுது"ன்னாங்க. மத்தவங்களும் அப்புறம் ஒவ்வொருத்தரா படத்தை வாங்கிப் பாத்தாங்க. வியர்த்து வழிஞ்சுது எனக்கு. ஆனா தங்கச்சி, இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் என் வேலையைப் பத்தி ஒருத்தர் என்னைக் கேள்வி கேட்டாங்க. அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது.

ஏத்துக்கிட்டாங்க. நாலாவது அத்தியாயத்தோட. மாசக் கடைசியில அச்சுக்குப் போகணும்.

கைடு எங்கிட்டப் பேசறதில்லை. இனிமே உனக்கு யாரோட அத்தியாயமும் அனுப்ப மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். உன் பரிந்துரை என்னாகும்னு எனக்குத் தெரியல. ஆனா மன்னிப்பு கேக்க மாட்டேன். எலின்னு எழுதினப்பவும் நீ பாக்கல. எலி இல்லைன்னு எழுதினப்பவும் ஜீனைப் பாக்கல. முதல்ல என் மேல நம்பிக்கை இல்லாம எழுதினே, அப்புறம் பாசத்துல எழுதினே. ரெண்டுலயும் நான் செஞ்ச வேலை எங்கேடி இருந்தது?

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். "சின்னவ லெட்டர் போட்டதாலதான்"னாங்க. நான் போய்ப் படுத்துட்டேன்.

ஜெல் படத்தோட ஒரு பிரதி இத்தோட வச்சிருக்கேன். பாரு. நிஜமா பாரு. அப்புறம் எழுது.

அக்கா


ஜூன் 22

அக்கா,

கைடுகிட்ட இருந்து எனக்கும் கடிதம் வந்தது. வாங்கிக் கட்டிக்கிட்டேன். பரிந்துரை கிடையாதாம். இங்க துறைத் தலைவர்கிட்ட நானே போய் நடந்ததைச் சொல்லிட்டேன், என்ன முடிவெடுப்பாங்கன்னு தெரியல. நீ எழுந்து நின்னதுக்கு உன் மேல கோபம் வந்தது. ரெண்டு நாள் இருந்தது. அப்புறம் கோபப்பட எனக்கு என்ன இருக்குன்னு தோணிச்சு.

படத்தைப் பாத்தேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். மூணு கேள்வி இருக்கு, ஒண்ணுல இருந்தும் நீ தப்பிக்க முடியாது.

சாம்பிள் போடாம வெறும் தண்ணி மட்டும் விட்டு ஜெல்லுல ஓட்டின தடம் எங்கே? ஓரத்துல வெட்டிட்டியா? அது இல்லாம இந்தப் படத்தை அச்சுல போட்டா பாக்கிறவன் முதல்ல அதைத்தான் கேப்பான். எலி டி.என்.ஏ.வையும் ஒரு தடத்துல ஏன் ஓட்டல? எலி இல்லைன்னு சொல்றவ எலியைப் பக்கத்துல நிக்க வச்சுக் காட்ட வேண்டாமா? என் பழைய எலி சாம்பிள் குழாய்ங்க கீழ்த்தட்டு ஃப்ரீசர்ல இடது பக்கம் இருக்கு, எடுத்துக்கோ.

மூணாவதுதான் பெருசு. ஈரலோட ஆர்.என்.ஏ.ல ரெண்டாவது துண்டு மட்டும்தான்னு எழுதியிருக்கே. படத்துல முதல் துண்டு நிக்கற எடத்துலயும் எனக்கு ஒரு கோடு தெரியுது. ரொம்ப மங்கலா. அந்தப் பேராசிரியர் அம்மாவும் பாக்கல, நீயும் பாக்கல. உனக்கு வேணும்ங்கறது தெரிஞ்ச உடனே நீயும் அங்கேயே நிறுத்திட்டியா? அது அழுக்கா, இல்லை நிஜமாவே ஈரல் அதையும் கொஞ்சம் செய்யுதா? செய்யுதுன்னா உன் அத்தியாயத்தோட கடைசிப் பக்கம் முழுக்க மாறும். அச்சுக்குப் போறதுக்குள்ள திரும்ப ஓட்டு. அந்த ஆன்ட்டி பையனைத் தள்ளி விட்டுட்டு நீ முதல்ல மெஷின்ல உக்காரு.

உன்னைப் பத்தி இனிமே யாருக்கும் ஒரு வரி எழுத மாட்டேன். உனக்கு மட்டும்தான் எழுதுவேன். அந்தக் கோடு என்னன்னு பதில் சொல்லு.

தங்கச்சி